ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில்

“பனியும் இருமுமோ, அம்மா?”

பாமா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. இத்தாலிக்கும் பிரான்சுக்கும் நடுவில் ஒரு மலைச்சரிவில், தகப்பனின் முதுகோடு போர்வையால் கட்டப்பட்டிருந்தவள், தலையைத் திருப்பிப் பின்னால் வந்துகொண்டிருந்த தாயிடம் கேட்டாள். அன்று பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை. பிறகு, நேரம் இருந்தும் யாரும் சொல்லவில்லை.

பதினொரு வருடங்கள் கழித்து, தொண்ணூற்றேழாம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமைக் காலை, கமலாம்பிகை லண்டன் நோர்பரியில் தன் வீட்டு வாசற்படிகளில் சமையல் உப்பைத் தூவிக்கொண்டிருந்தாள். இரவு யாரும் எதிர்பாராதபடி பனி பெய்திருந்தது. குளிர்காலம் முடிந்த பிறகு வரும் பனி. ஈரமும் கனமுமாக இருந்தது, மிதித்தால் நொறுங்காமல் வழுக்கியது. இந்தப் படிகளால்தான் இன்னும் சற்று நேரத்தில் அவளுடைய கணவர் தியாகராஜாவை உள்ளே கொண்டுவருவார்கள். பிறகு வெளியே கொண்டுபோவார்கள்.

“விடு பிள்ளை, நான் போடுறன்,” என்று பக்கத்து வீட்டுப் பிலோமினம்மா வேலிக்கு மேலால் கையை நீட்டினார். “செத்த வீட்டுக்காரி வாசலிலை நிண்டு உப்புப் போடுறதோ? பார்க்கிற சனம் என்ன சொல்லும்?”

“தூக்கிறவை வழுக்கி விழுந்திடுவினம், அன்ரி.”

“அதுக்கு நான் இருக்கிறன்தானே. அடுப்பிலை பருப்பு வைச்சிட்டு வந்திருக்கிறன். தா இஞ்சை.”

பிலோமினம்மா மன்னார்க்காரி. மூன்று நாட்களாக இந்த வீட்டில் வந்து தங்கியிருந்தவர்களுக்கு அவருடைய அடுப்பிலிருந்துதான் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை. முதல் நாள் காலையில் ஒரு சட்டி இடியப்பத்தோடு வந்து நின்றார், அவ்வளவுதான்.

“ஏழு பத்து!” என்று கூடத்திலிருந்து இராஜேந்திரனின் குரல் கேட்டது.

தியாகராஜாவின் தமையன் அவர். கிங்ஸ்பரியிலிருந்து பனிக்குள்ளால் விடிய முன்னமே கார் ஓட்டி வந்திருந்தார். தபால் பிரிக்கும் நிலையத்தில் தம்பி கடைசித் தட்டை அடுக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை என்று போன செவ்வாய்க்கிழமை தொலைபேசி வந்ததிலிருந்து, சான்றிதழ், கவுன்சில், மாலை என்று எல்லாவற்றுக்கும் ஓடித்திரிந்தவர் அவர்தான். குறை சொல்ல முடியாத மனிதர். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு பேச்சை முடிக்கத்தான் அவரால் முடியாது.

“ஆறரைக்குக் கொண்டு வாறன் எண்டவங்கள். இப்ப எந்த றோட்டிலை சறுக்கிக்கொண்டு நிக்கிறாங்களோ! இன்னும் இருபது நிமிஷத்திலை இராகுகாலம்.”

தகன மண்டபத்தில் கிடைத்த நேரம் காலை ஒன்பது மணி. யாரோ வேண்டாமென்று விட்டதால் கிடைத்தது. அதைத் தவறவிட்டால், பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் கழிந்து அடுத்த வாரம் புதன்கிழமைதான். ஒன்பதுக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து எட்டேகாலுக்காவது புறப்பட வேண்டும். திங்கட்கிழமை இராகுகாலமோ ஏழரையிலிருந்து ஒன்பது வரை. இராஜேந்திரன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஆறரைக்குப் பெட்டி வந்தால் கிரியையை முடித்து ஏழு இருபத்தைந்துக்கு வாசலைத் தாண்டிக் காருக்குள் வைத்துவிடலாம். பிறகு கார் எப்போது வெளிக்கிட்டாலும், வீட்டை விட்டு இறங்கியது நல்ல நேரத்தில்தான். அந்தக் கணக்கைப் பனி குழப்பிவிட்டது.

“தம்பி நேரம் பார்க்கிறவன்,” என்று அவர் கூடத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். இராகுகாலத்திலை ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான். கடைசிப் பயணத்திலை அவனை அப்பிடி அனுப்பினால் எனக்கு நித்திரை வருமோ?”

கமலாம்பிகை உப்புப் பொதியைப் பிலோமினம்மாவிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிர்ப்பக்க நடைபாதையில் மொட்டை மரமொன்றின் கீழ் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சாம்பல் நிறத்தில் கனமான கோட். தலையில் தொப்பி இல்லை. நல்லதுக்குச் சொன்னால்தான் போகவேண்டும், கெட்டதுக்குச் சொல்லாமலே போகவேண்டும் என்பார்கள். சொல்லாமலே வந்துவிட்டார். வீதியைக் கடக்கத்தான் முடியாமல் நின்றார்.

கோபாலகிருஷ்ணன். இதே நோர்பரியில், நாலு தெரு தள்ளி இருப்பவர். பதினொரு வருடங்களாகத் தியாகராஜா ஏறிய பஸ்ஸில் அவர் ஏறியதில்லை. ஏறியபின் கண்டால் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

எண்பத்தாறாம் ஆண்டு சித்திரையில் அந்த மலையைக் கடந்தவர்கள் ஐந்து பேர். தியாகராஜா, அவள், பாமா, கோபாலகிருஷ்ணன், அவருடைய தம்பி சத்தியசீலன். சீலனுக்கு அப்போது பத்தொன்பது வயது. வழிகாட்டி அந்த மலையடியில் ஆடு வளர்த்த ஒரு கிழவர். அவருக்கு இத்தாலியன் தவிர வேறு மொழி தெரியாது. முந்தின நாள் பின்னேரம் தன் சமையலறையில் அவர்களை இருத்திவைத்து, ஒரு துண்டுப் பாணைக் கையில் எடுத்தார். காய்ந்த மேலோட்டில் விரலால் தட்டிக் காட்டினார்: டொக், டொக். இரவில் இறுகிய பனி இப்படி, மேலே நடக்கலாம். பிறகு யன்னலுக்கு வெளியே சூரியனைச் சுட்டினார். பாணைக் கோப்பிக்குள் தோய்த்து எடுத்துச் சாய்த்துப் பிடித்தார். அது ஊறி, கனத்து, ஒரு பகுதி பிய்ந்து மேசையில் விழுந்தது. பாமா சிரித்தாள். கிழவர் சிரிக்கவில்லை. சுவர் மணிக்கூட்டில் எட்டு மணியைத் தொட்டு, அதற்குப் பிறகு வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

மூன்று மணிக்குப் புறப்பட்டார்கள். பனி சீமெந்துத் தரைபோல இறுகிக் கிடந்தது. ஏழேகாலுக்குக் கடைசிச் சரிவின் விளிம்பில் இருந்த கல்லுக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தச் சரிவு கிழக்கைப் பார்த்தது. காலை வெயில் முதலில் விழுவது அதில்தான். கடக்க இருபது நிமிடம். அதற்கப்பால் பிரான்ஸ். கிழவர் தண்ணீர் குடிக்க மட்டும் நேரம் தந்தார்.

கமலாம்பிகை தியாகராஜாவின் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு இருபத்தெட்டு. திங்கட்கிழமை.

“இஞ்சாருங்கோ,” என்றாள் மெதுவாக. “இராகுகாலம் தொடங்கப் போகுது. ஒன்பது கழிய வெளிக்கிடுவம்.”

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவளுடைய தமையன் கொடிகாமத்துக்குப் புறப்பட்டதும் ஒரு திங்கட்கிழமை இராகுகாலத்தில்தான். மூன்று நாட்களுக்குப் பிறகு அவனுடைய சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர் தியாகராஜா. அதனால் அவர் அவளோடு வாதாடவில்லை. எழுந்துபோய் மற்றவர்களிடம், “நேரம் சரியில்லை. ஒன்பதுக்குப் போவம்,” என்றார். கிழவரிடம் பிள்ளையின் கால்களைக் காட்டி, ஏலாது என்று தலையசைத்தார். கிழவர் வானத்தைக் காட்டினார், கத்தினார், கடைசியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டார்.

சீலன்தான் எல்லாரையும் சிரிக்கவைத்தான். “அண்ணை, இராகு பாஸ்போர்ட் இல்லாமல் இவ்வளவு தூரம் எப்பிடி வந்தவர்? எந்த ஏஜென்ற் கொண்டு வந்தவனாம்?”

கோபாலகிருஷ்ணன் சிரித்தார். கமலாம்பிகையும் சிரித்தாள். பாமாவின் விரல்கள் நீலம் பாரித்திருந்ததைக் கண்டு, சீலன் தன் கையுறைகளில் ஒன்றைக் கழற்றினான். மிலானோ ஸ்டேஷனுக்கு வெளியே தமையன் அவனுக்கென்று வாங்கிக் கொடுத்தவை அவை. கருநீலக் கம்பளி, மணிக்கட்டில் ஒரு வெள்ளை வரி. பாமாவின் இரண்டு கைகளும் ஒன்றாக அந்த ஒரு கையுறைக்குள் போயின.

“ஒண்டு உனக்கு, ஒண்டு எனக்கு. லண்டனுக்குப் போனாப்பிறகு திருப்பித் தரவேணும். விளங்குதோ?”

“ஓம்,” என்றாள் பாமா.

ஒன்பது மணிக்கு அவர்கள் இறங்கியபோது சரிவு முழுவதும் வெயில். முழங்கால் வரை புதைந்தது. மேலே இருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள், யாரும் தள்ளாமலே, தாமாகவே உருண்டு வந்தன. கிழவர் அவற்றைப் பார்த்துவிட்டு, இருபதடி விட்டு ஒவ்வொருவராக வரும்படி கை காட்டினார். அவருக்குப் பின்னால் கோபாலகிருஷ்ணன். பிறகு தியாகராஜா, முதுகில் பாமா. பிறகு கமலாம்பிகை. கடைசியாகச் சீலன்.

பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். காலுக்குக் கீழே எங்கோ ஆழத்தில், பெரிய உயிரொன்று தொண்டையைச் செருமியதுபோல, ஹும் என்று ஒரு சத்தம்.

“பனியும் இருமுமோ, அம்மா?”

கிழவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார். அவர்கள் முன்னால் இருந்த பாறையை நோக்கி விழுந்து எழுந்து ஓடினார்கள். பாறையைப் பிடித்துக்கொண்டு கமலாம்பிகை திரும்பியபோது சரிவு நகர்ந்துகொண்டிருந்தது. வேகமாக அல்ல. குழைத்த சீமெந்து கொட்டுண்பதுபோல, அவசரமில்லாமல். நடுவில் சீலன் ஒரு கையைத் தூக்கினான்.

நின்றபின் அந்தப் பனி கல்லாக இறுகிவிட்டது. தகரத் தட்டாலும் கிழவரின் தடியாலும் கைகளாலும் தோண்டினார்கள். தியாகராஜா கைகளால்தான் தோண்டினார். மத்தியானம் சீலனை எடுத்தபோது அவருடைய வலக்கையில் இரண்டு விரல்களுக்கு நகம் இல்லை. அவை பிறகு முளைக்கவே இல்லை.

கல்லுக் கொட்டிலுக்குள் கோபாலகிருஷ்ணன் கேட்டார்: “ஆர் நேரம் பார்க்கச் சொன்னது? ஆர்?”

கமலாம்பிகையின் மடியில் பிள்ளை இருந்தாள். அவளுடைய நாக்கு அசையவில்லை.

“நான்,” என்றார் தியாகராஜா.

ஒரே சொல். அதைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும், வீட்டுக்குள் அவர்கள் இருவரும் தனியாக இருந்தபோதுகூட, பேசவில்லை. லண்டனுக்கு வந்த முதல் மாரியில் அந்தக் கையுறையை எடுத்துக்கொண்டு கோபாலகிருஷ்ணனின் அறைக்குப் போனார். திரும்பிவந்தபோது அது அவருடைய கையிலேயே இருந்தது. “கதவு திறக்கேல்லையோ?” என்று கேட்டாள். “திறந்தது,” என்றார். அவ்வளவுதான். நேரம் பார்த்து ஒரு பெடியனைச் சாகக்கொடுத்தவன் என்று முதலில் ஊர் பேசியது. வருடங்கள் போகப்போக அந்தப் பேச்சின் கூர் மழுங்கி, “நேரம் பார்க்கிற தியாகராஜா” என்று ஒரு பட்டப்பெயராக நின்றுவிட்டது.

தபால் நிலையத்தில் திங்கட்கிழமைக் காலை ஷிப்டை அவர் தானாகவே கேட்டு வாங்கினார். ஒவ்வொரு திங்களும் ஏழே முக்காலுக்கு வீட்டைவிட்டு இறங்குவார். கமலாம்பிகை யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நிற்பாள். தெருமுனையில் சிவப்புத் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் அவர் திரும்பி ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். பின்னேரம் நாலு மணிக்குப் பத்திரமாகத் திரும்பி வருவார். பத்து வருடத் திங்கட்கிழமைகள். அவர் ஏன் அந்த ஷிப்டைக் கேட்டார் என்று அவள் கேட்டதில்லை. தெய்வத்தை நம்புவது வேறு, தெய்வத்தின் பெயரால் பயப்படுவது வேறு என்பதை ஒருவர் இப்படியும் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவளுக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

கார் ஏழு இருபத்திரண்டுக்கு வந்தது. பெட்டி கொண்டுவந்த நிறுவனத்துக்காரர், கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் மிஸ்டர் ஹோல்ட், றோட்டு முழுவதும் சறுக்கல் என்று மன்னிப்புக் கேட்டார். பெட்டியை முன்னறையில் வைத்து மூடியைத் திறந்தார்கள். தியாகராஜாவின் கைகள் நெஞ்சின்மேல் மடிக்கப்பட்டிருந்தன, இடக்கை மேலே. அதை யாராவது யோசித்து வைத்தார்களா, தற்செயலா என்று தெரியவில்லை. கமலாம்பிகை குனிந்து வலக்கையை எடுத்து மேலே வைத்தாள்.

கிரியை முடிய எட்டேகால் ஆகிவிட்டது. பாமா தேவாரம் பாடினாள். லூயிஷாம் கோயிலில் ஞாயிறு வகுப்பில் படித்தது. ளகரமும் ழகரமும் லண்டன் நாக்கில் ஒன்றாகிப்போயிருந்தன. ஆனால் குரல் உடையவில்லை.

மிஸ்டர் ஹோல்ட் கைகளைக் கட்டிக்கொண்டு கதவடியில் வந்து நின்றார். இராஜேந்திரன் அவருக்கு முன்னால் போய் நின்றார்.

ஒன்பது ஐந்துக்கு எடுத்தால் என்ன, தகன மண்டபத்தாரோடு கதைத்துப் பார்க்க ஏலாதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஏலாது என்று மிஸ்டர் ஹோல்ட் மிகுந்த மரியாதையோடு சொன்னார். ஒன்பதரைக்கு வேறொரு குடும்பம். இதை விட்டால் புதன்கிழமை, ஏப்ரல் இரண்டாம் திகதி.

“புதனெண்டால் புதன்,” என்று இராஜேந்திரன் தமிழுக்குத் திரும்பினார். “பெட்டி திரும்பிப் போகட்டும்.”

“பெரியப்பா, ப்ளீஸ்.” பாமா எழுந்து வந்தாள். “ஏற்கெனவே ஆறு நாள் அப்பா ஐஸுக்குள்ளை கிடந்திட்டார். இன்னும் ஒன்பது நாளோ?”

“நீ சின்னப்பிள்ளை. உனக்கு உன்ரை அப்பனைப் பற்றித் தெரியாது.”

“எனக்குத் தெரியாதோ? ஒவ்வொரு திங்களும் ஏழே முக்காலுக்குத்தானே வேலைக்குப் போனவர்!”

“அது வேலை, பிள்ளை. வயித்துப்பாடு. அதுக்கு ஆர் நேரம் பார்க்கிறது? இது வேறை.”

கதவு திறந்தே இருந்தது. கோபாலகிருஷ்ணன் எப்போதோ வீதியைக் கடந்து, படலைக்கு உள்ளே, படியடிக்கு வந்திருந்தார். இராஜேந்திரன் அவரைக் கண்டார். அவருக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது ஒரு சாட்சி மட்டும்தான். யாரைக் கூப்பிடுகிறார் என்று அவர் யோசிக்கவில்லை.

“கோபால்! வாரும், நீர் சொல்லும். என்ரை தம்பி நேரம் பார்க்கிறவனோ இல்லையோ? உமக்குத் தெரியாததோ?”

முன்னறையில் இருந்த அத்தனை பேரும் படியடியைத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னபிறகுதான் இராஜேந்திரனுக்கும் விளங்கியது.

வெளியே மேகம் விலகி வெயில் வந்திருந்தது. கூரையிலிருந்த பனி ஓட்டில் உரசிக்கொண்டு மெல்ல அசைந்தது. ஹும் என்று ஒரு சத்தம். பிறகு அது முழுவதாக வழுகி, கோபாலகிருஷ்ணனுக்கு இரண்டடி தள்ளி, பொத்தென்று முற்றத்தில் விழுந்தது.

எல்லாரும் முற்றத்தைப் பார்த்தார்கள். பாமா மட்டும் தாயைப் பார்த்தாள். கமலாம்பிகை அந்தப் பார்வையைக் கண்டாள். பிள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் பெட்டியடியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“இவர் நேரம் பார்க்கிறவரில்லை, பெரியத்தான்,” என்றாள். “அண்டைக்கு மலையிலை நேரம் பார்த்தது நான். ஒன்பது மட்டும் நிப்பம் எண்டு சொன்னது நான். கேட்டபோது இவர் தான் எண்டு சொன்னார். நான் வாய் திறக்கேல்லை. இண்டைவரைக்கும் திறக்கேல்லை.”

பிறகு கோபாலகிருஷ்ணனைப் பார்த்தாள்.

“அவரிலை இருந்த கோவத்தை இனி என்னிலை வையுங்கோ, கோபால். அவர் அதை இறக்கி வைச்சிட்டுப் போகட்டும்.”

கோபாலகிருஷ்ணனின் கோட்டுத் தோளில் கூரைப்பனி தெறித்திருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

“இராகுவுக்குப் பாஸ்போர்ட் இருக்கோ எண்டு கேட்டவன்,” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. “நானும் சிரிச்சனான், அக்கா. வெளிக்கிடுவம் எண்டு நானும் சொல்லேல்லைத்தானே. சிரிச்சுப்போட்டு, நானும் இருந்தனான்.”

குனிந்து சப்பாத்தைக் கழற்றிப் படியில் வைத்தார். உள்ளே வந்தார். பெட்டியின் கால்மாட்டுப் பக்கம் போய் நின்று, மற்றவர்கள் வரட்டும் என்று காத்திருந்தார்.

இராஜேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு இருபத்தொன்று. சட்டைக் கையை இழுத்து அதை மூடினார். “தூக்குங்கோ,” என்றார். தலைமாட்டுக்குப் போய்த் தோளைக் கொடுத்தார்.

உப்புப் போட்ட படிகளில் யாரும் வழுக்கவில்லை. காலுறையோடு பனிக்குள் இறங்கி நடந்த கோபாலகிருஷ்ணனுக்குப் பின்னால், பிலோமினம்மா அவருடைய சப்பாத்துகளைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார். “தம்பி, காலிலை போடும். விறைச்சுப் போகும். சொல்லுறதைக் கேளும்!”

காரில் பாமா தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். தெருமுனைத் தபால்பெட்டியைக் கடந்த பிறகு கேட்டாள்.

“அது உண்மையிலேயே இருமினதோ, அம்மா?”

“ஓம், பிள்ளை. இருமினது. நீதான் முதல் கேட்டனீ.”

பாமா தாயின் கையைப் பிடித்தாள். தகன மண்டபம் வரும்வரை விடவில்லை.

ஒன்பது மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். ஒன்பதரைக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது வாசலில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் இருந்தது. வீடு கழுவப்பட்டிருந்தது. வந்தவர்கள் காலைக் கழுவி, கோட்டுகளைக் கழற்றி, மாடியில் கட்டிலின் மேல் குவித்தார்கள். பிலோமினம்மாவின் வீட்டிலிருந்து சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வந்தன. இடம் போதாமல் ஆட்கள் படிக்கட்டிலும் இருந்து சாப்பிட்டார்கள். கோபாலகிருஷ்ணன் மூன்றாம் படியில் இருந்தார். இராஜேந்திரன் அதற்குக் கீழ்ப்படியில்.

“இன்னும் கொஞ்சம் பருப்பு விடட்டோ, தம்பி?”

“காணும், அன்ரி.”

“என்ன காணும்? ஒரு கோழிக்குஞ்சு சாப்பிடுற அளவு. தட்டை நீட்டும்.”

கோபாலகிருஷ்ணன் தட்டை நீட்டினார்.

கமலாம்பிகை படியேறி வந்தபோது அவர் முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டார். அவள் மாடியறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கட்டிலில் முப்பது கோட்டுகளாவது கிடந்தன. சாம்பல் நிறக் கோட் அடியில் கிடந்தது. இடது தோள் இன்னும் ஈரமாக இருந்தது. அவள் அதை உருவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்து, கீழ்த்தட்டில் சேலைகளுக்கு அடியிலிருந்து அந்தக் கையுறையை எடுத்தாள். பூச்சி உருண்டை மணந்தது. வெள்ளை வரி மஞ்சளாகியிருந்தது. கட்டைவிரலடியில் ஒரு ஓட்டை. அதை ஒரு மாரியில் அவள் தைத்து வைத்திருந்தாள்.

கையுறையைத் தட்டி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி நேராக்கினாள். கோட்டின் வலதுபக்கப் பைக்குள் வைத்தாள். பையின் மடிப்பை மேலே இழுத்துவிட்டாள். கோட்டைப் பழையபடி, ஆனால் இப்போது மற்றவற்றுக்கு மேலே, வைத்தாள்.

கீழே யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவள் போய்த் தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள்.

செத்த வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒருவர் ஒருவராக எழுந்தார்கள். மாடிக்குப் போய்க் கோட்டை எடுத்துக்கொண்டு, அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கினார்கள். முன்கதவு திறப்பதும் சாத்துவதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் முன்னறை யன்னலடிக்கு வந்து திரையை விலக்கினாள். வீதியில் பனி உருகி ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. கோபாலகிருஷ்ணன் தனியே நடந்துபோய்க்கொண்டிருந்தார். குளிருக்குக் கைகள் இரண்டையும் உரசிக்கொண்டே, தெருமுனையில் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

அவர் கைகளைப் பைக்குள் விடுவதற்கு முன் கமலாம்பிகை திரையை இழுத்து மூடினாள்.